செவலி புல் தின்ற கதை

அந்தக் காலத்தில், மிருகங்களெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, நாய் ஊருக்குள் வந்திருக்கவில்லை. காட்டில் புலியின் கூட்டத்தோடு இருந்தது. புலி, சிறுத்தை, நரி, நாய் என்று கறி தின்னும் மிருகங்கள் எல்லாம் ஒரே சபை. வரியன் என்ற புலிதான் அதற்கு ராஜா. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது அன்று பழமொழி இல்லை, சட்டம். புல்லில் வாய் வைத்தவர் காட்டை விட்டே போக வேண்டியதுதான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வேட்டை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து தின்ன வேண்டும். ராஜா தின்று முடித்து மீசையை நக்கினால் பந்தி முடிந்தது. அதற்குமேல் யார் வாயில் எது இருந்தாலும் கீழே போட்டுவிட வேண்டும். புலி வாயும் நாய் வாயும் ஒன்றா? சின்ன மிருகங்கள் மெல்லவே மெல்லாது, கிழித்ததும் விழுங்கும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்ற பேச்செல்லாம் அங்கே செல்லாது. வயிறு பானை மாதிரி உப்பிக் கிடப்பதுதான் பெருமை. உள்ளே உயிர் போனாலும் வலிக்கிறது என்று எவரும் வாய் திறக்க மாட்டார்கள். வீறாப்புக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

அந்தக் கூட்டத்தில் செவலி என்று ஒரு பெண் நாய். ஈன்ற குட்டிகளில் அவளுக்குத் தங்கியது ஒன்றுதான். பேர் பொட்டன். அவனுடைய முதல் பந்தியில் அவன் ஒரு துண்டை வைத்து மென்றுகொண்டிருந்தான். "முழுங்குடா, ராசா மீசையை நக்கப் போறாரு!" என்று அவசரப்படுத்தியது செவலிதான். அவளுக்கும் வேறென்ன தெரியும்?

விடிந்தபோது பொட்டனின் வயிறு பறை மாதிரி விறைத்திருந்தது. படுக்கவும் முடியவில்லை, கக்கவும் முடியவில்லை. "அம்மா, உள்ள முட்டுதும்மா" என்று முனகினான். செவலி பதறியடித்துக்கொண்டு ராஜாவிடம் ஓடினாள்.

"ராசா, பிள்ளைக்கு வயிறு உப்பிப்போச்சு. மூச்சு வாங்குறான்."

பாறைமேல் படுத்திருந்த வரியன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "கறி தின்ன வயிறு அப்படித்தான் இருக்கும். தாங்கினா நம்ம கூட்டம். தாங்கலைன்னா மண்ணு."

அவனுக்கென்ன, அவனா பெற்றான்? செவலி குட்டியைக் கவ்விக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். கரையில் அருகம்புல் மேய்ந்துகொண்டிருந்த முயல் துள்ளி விலகி, பொட்டனைப் பார்த்ததும் எட்டத்திலேயே நின்றது.

"அக்கா, அது வயிறா, சுரைக்காயா?"

"கேலி பண்ணாதே. பிள்ளை செத்துக்கிட்டிருக்கான்."

முயலின் காது தொங்கிப்போனது. "கோவிச்சுக்காதே. இந்தப் புல்லைக் கடிக்க வை. அடைச்சுக் கிடக்குறது மேலயோ கீழயோ வெளிய வந்துரும். அப்புறம் படுக்க விடாதே, மெள்ள நடக்க வை. ஆனா உங்களுக்குத்தான் புல்லுன்னா மானம் போயிருமே!"

செவலி புல்லைக் கிள்ளிக் குட்டியின் வாயில் வைத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "புல்லாம்மா? வேணாம்மா, ராசா வெரட்டிருவாரு." சாகக் கிடக்கிற பிள்ளை சட்டம் பேசியது. அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நானே முதலில் தின்கிறேன் பார் என்று ஒரு வாய் கடித்தாள்.

பின்னாலேயே மோப்பம் பிடித்து வந்த நரி ஊளையிட்டுக் கூட்டத்தையே கூட்டிவிட்டது. வரியன் பாறையிலிருந்து இறங்கி வந்தான்.

"ஏ செவலி, துப்பிரு. நான் பார்க்கலைன்னு விட்டுர்றேன்."

அவள் துப்பவில்லை. அவன் கண்ணைப் பார்த்தபடியே மென்றாள். பிறந்ததிலிருந்து எதையும் மென்றறியாத வாய் அன்று நிதானமாக மென்றது. "பார்த்துக்குங்க ராசா. நல்லாவே பார்த்துக்குங்க. திருடித் திங்கலை, வயித்துவலிக்குத் திங்குறேன். உங்க மீசைக்குப் பயந்து முழுங்கினதுலதான் எம்புள்ள இப்படிக் கிடக்கான். இனி உங்க பந்தியும் வேணாம், பவுசும் வேணாம்."

தாய் தின்பதைப் பார்த்துப் பொட்டனும் கடித்தான். கொஞ்ச நேரத்தில் குமட்டிக்கொண்டு வந்தது. நேற்றைய விருந்து அத்தனையும் ராஜாவின் முன்காலிலேயே கொட்டியது. சிறுத்தை சிரிப்பை அடக்க முடியாமல் மரத்தில் ஏறிக்கொண்டது.

"காட்டை விட்டுப் போ!" என்று உறுமினான் வரியன்.

"போறோம்" என்றாள் செவலி. "எந்திரிடா. எப்படியும் நடக்கணும்னுதானே முயலு சொல்லிச்சு."

குட்டி தள்ளாடி நடந்தான். நடக்க நடக்க வயிறு இளகியது. அவன் விட்ட காற்றின் சத்தத்தில் வழியிலிருந்த காடைகள் பறந்தோடின. செவலிக்குக் கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. நடந்தவர்கள் காட்டைத் தாண்டி மனிதர்களின் ஊருக்கே வந்து சேர்ந்தார்கள். அவசரமாக விழுங்குகிற புத்தி மட்டும் இன்னும் போகவில்லை. நாய்க்குணம் லேசில் போகுமா?

அடுத்த பெருவேட்டைக்குப் பிறகு வரியனுக்கும் வயிறு பொருமியது. யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் ஆற்றங்கரைப் புதருக்குள் போனான். அங்கே என்ன செய்தான் என்பது முயலுக்குத் தெரியும். கேட்டால் சொல்லாது, உயிர்மேல் ஆசை.

அன்று முதல்தான் நாய், வயிறு சரியில்லையென்றால் நடுத்தெருவில் நின்று, நாலு பேர் பார்க்கப் புல்லைக் கடிக்கிறது. புலி மட்டும் கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரிகிறது, புதருக்குப் பின்னால் ஒளிந்து புல்லைக் கடிக்க.