சடையப்பன் கண்ணுக்குக் கட்டை போட்ட கதை

ஆனைக்கரைப்புதூரில் தேர் ஓடினால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது சடையப்பனும் அவருடைய தம்பிகள் மூக்காண்டியும் செம்புலிங்கமும்தான். எது ஆடினாலும் கட்டையைச் செருகினால் நின்றுவிடும் என்பது மூவருக்கும் தெரிந்த ஒரே சாஸ்திரம்.

"கண் நல்லா இருக்குன்னு சான்றிதழ் இல்லாம சடையப்பன் தேர்ப்பக்கம் வரக்கூடாது" என்று கோயில் அதிகாரி இந்த வருஷம் சொல்லிவிட்டார். மறுநாள் தேர். மூவரும் கட்டைகளோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் பிலோமினா பொறுமையாக விளக்கினார். "அந்தப் பச்சைப் புள்ளியையே பாருங்க. மெஷின் கண்ணுக்குள்ள இருக்கிற விழித்திரையை வரிசையா படம் எடுக்கும். படத்துக்குப் படம் ரத்தக்குழாய் எவ்வளவு நகருதுன்னு பார்த்தா, கண் எவ்வளவு அசையுதுன்னு தெரிஞ்சுடும். தலை மட்டும் ஆடக்கூடாது."

அவர் முடிப்பதற்குள் சடையப்பன் தலைக்கு இரண்டு பக்கமும் கட்டை ஏறிவிட்டது.

"இனி ஆடாது டாக்டரம்மா. நாப்பது டன் தேரே ஆடாது" என்றான் மூக்காண்டி.

கட்டைகளை எடுக்கவைத்து, டாக்டர் மெஷினை ஓடவிட்டார். திரையில் செம்மஞ்சள் வட்டமும் அதில் ஓடிய சிவப்புக் கோடுகளும் லேசாகத் துடித்தன.

"கண் அசையுது" என்றார் டாக்டர்.

"அண்ணாச்சி, ஏன் அசைக்கீங்க?" என்றான் மூக்காண்டி.

"நான் எங்கலே அசைச்சேன்? புள்ளியைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"அப்ப மெஷின்தான் உருளுது. அடியில நாலு சக்கரம் இருக்கு பாருங்க" என்றான் செம்புலிங்கம்.

நாலு சக்கரத்துக்கும் கட்டை விழுந்தது. படம் அப்போதும் துடித்தது.

"ஒருவேளை புள்ளி உருளுதோ?" என்றான் மூக்காண்டி.

"புள்ளிக்கு ஏதுலே சக்கரம்?" என்றார் சடையப்பன்.

"இந்த அளவு எல்லாருக்கும் அசையும்யா. உங்க அண்ணன் கண் நல்லா இருக்கு" என்றார் டாக்டர்.

"எல்லாருக்குமா? அத்தனை பேருக்குக் கட்டைக்கு எங்க போவோம்!" என்று கவலைப்பட்டான் மூக்காண்டி.

டாக்டர் சான்றிதழ் எழுதி, விழித்திரைப் படத்தின் பிரதியையும் கையில் கொடுத்து, "போட்டோ ஒட்டி அதிகாரிகிட்ட கொடுத்துடுங்க" என்றார்.

ஒட்டிக் கொடுத்தார்கள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் செம்மஞ்சள் வட்டத்தைக் கண்ட அதிகாரி, "யாருய்யா இது?" என்றார்.

"அண்ணாச்சிதான் சார். உள்பக்கம்" என்றான் செம்புலிங்கம்.

"சாயங்காலத்துக்குள்ள முகம் தெரியற போட்டோ வரணும். இல்லேன்னா கட்டை போட வேற ஆள்."

மூவரும் போட்டோ ஸ்டுடியோவைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டர் பிலோமினா சாப்பிட்டுவிட்டு வந்தபோது அறையில் மெஷின் இல்லை. நாற்காலியில் சடையப்பன் மட்டும், தலையைப் படிய வாரி, துண்டை மடித்துப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மெஷின் எங்கய்யா?"

"தம்பிகள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தள்ளிட்டுப் போயிருக்காங்கம்மா. ரொம்பக் கிட்ட வச்சு எடுத்ததால கண்ணுக்குள்ள மட்டும் விழுந்திருக்கு. அங்கருந்து எடுத்தா முகமும் சேர்ந்து விழும்" என்றார் சடையப்பன், சிரித்த முகம் மாறாமல். "நீங்க கொஞ்சம் விலகி நில்லுங்க, மறைக்குது."