ஆப்ஜெக்டாக மாறிய நெருப்புக்கோழி

சிறுகுன்றத்துத் தனியார் விலங்குப் பூங்காவில் கணினிப் பிரிவு என்று ஓர் அறை உண்டு. அதில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். ஒருத்தர் செய்யக்கூடிய தப்பை மூவரும் கூடி உட்கார்ந்து ஆலோசித்துத்தான் செய்வார்கள். தலைவர் மாசிலாமணி. அவருக்குக் கீழே ரெஜினா, திருவேங்கடம்.

வேலை இதுதான். வெளியூர்ப் பூங்கா ஒரு விலங்கை அனுப்பினால் அதன் விவரம் ஜேசான் என்கிற எழுத்து வடிவில் முன்னாடியே வந்துவிடும். பறவைக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று என்று இவர்கள் கிளாஸ் எழுதி வைத்திருந்தார்கள். கிளாஸ் என்றால் என்னென்ன விவரம் எப்படி இருக்கணும் என்று சொல்லும் படிவம். ஜேசானை அதில் ஏற்றி, கணினியின் மெமரியில் அந்த விலங்குக்கான பதிவாக, அதாவது ஆப்ஜெக்ட் ஆக்கணும். விலங்கு கூண்டுக்குப் போனதும் ஆப்ஜெக்டைத் திரும்ப ஜேசானாக்கி, வந்து சேர்ந்தது என்று அனுப்பணும்.

அன்று காலை லாரியில் ஒரு நெருப்புக்கோழி வந்திறங்கியது. நிர்வாகி சௌந்தரவல்லி அம்மா போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜேசான், கிளாஸ், பறவை மூன்றும் ஒத்துப்போகணும், இல்லையென்றால் மாசிலாமணி வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். போன மாதம் முள்ளம்பன்றியை மீன் கிளாஸில் ஏற்றிக் குளத்தில் விட்டிருந்தார்கள். அதற்கு நீந்தத் தெரிந்திருந்ததால் தப்பியது.

மாசிலாமணி கணினி முன் உட்கார்ந்தார். ஜேசானை ஏற்றிப் பார்த்தார், ஏறவில்லை. கிளாஸ் காலுக்கு எண் கேட்டது. ஜேசானிலோ 2 மேற்கோள் குறிக்குள் இருந்தது. குறிக்குள் இருந்தால் கணினிக்கு அது எண் இல்லை, வெறும் எழுத்து.

"காலுக்கு ரெண்டு பக்கமும் குறி இருக்காம். போய் எடுத்துட்டு வாங்க," என்றார்.

ரெஜினா வாளித் தண்ணீரோடு போனாள். கொஞ்ச நேரத்தில் துப்பட்டா இல்லாமல் வந்து சேர்ந்தாள். இரண்டு பக்கமும் சேறு அப்பியிருந்ததாகவும், தேய்த்துக் கழுவிவிட்டதாகவும், துப்பட்டாவைப் பறவை தின்றுவிட்டதாகவும் சொன்னாள். மாசிலாமணி நிம்மதியாக ஜேசானிலும் குறிகளை அழித்தார்.

அப்புறம் ‘பறக்குமா’ என்ற இடத்தில் சிக்கியது. பறவை கிளாஸில் அதற்கு ‘ஆம்’ மட்டும்தான் செல்லும். ஜேசான் ‘இல்லை’ என்றது. கிளாஸையே திருத்திவிடலாமே என்று திருவேங்கடம் மெதுவாகக் கேட்டான்.

"அதுல கிளி இருக்கு, கொக்கு இருக்கு. இந்நேரம் எது எது ஆகாசத்துல இருக்கோ. நாம ‘இல்லை’ன்னு மாத்தினா அத்தனையும் பொத்துனு விழுந்துடாதா?" என்றார் மாசிலாமணி.

திருவேங்கடம் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். பிறகு மூவரும் ஒருமனதாக ஜேசானில் ‘ஆம்’ என்று திருத்தினார்கள்.

பறவை பறக்கும் என்றான பின் அது எப்படித் தப்பிக்கும் என்று யோசித்தார்கள். மேலே போகும். அதை விட்டிருந்த கூண்டுக்கு மேலே இருந்த வலையில் பெரிய ஓட்டை. அதை அடைக்கத் தோதாக அங்கே கதவைத் தவிர வேறொன்றும் இல்லை. பறக்கிற பறவைக்குக் கதவு எதற்கு என்று ரெஜினாவும் திருவேங்கடமும் அதைக் கழற்றி மேலே ஏற்றிக் கட்டினார்கள். கடைசி முடிச்சுப் போடுவதற்குள் நெருப்புக்கோழி வாசல் வழியே நடந்து போய்விட்டது.

ரெஜினா ஓடி வந்து சொன்னபோது மாசிலாமணி கணினிப் பக்கம் திரும்பினார். திரையைப் பார்த்தார். ஆப்ஜெக்ட் அப்படியே இருந்தது. கால் இரண்டு. பறக்கும்.

"எங்கேயும் போகலைம்மா. மெமரியில பத்திரமா இருக்கு," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

நாலு மணிக்குக் கரண்ட் போனது. கரண்ட் திரும்பி வந்தபோது மெமரி காலி. எங்கேயும் சேமித்து வைக்கவில்லை. மாசிலாமணி கணினியைத் தட்டினார், குலுக்கினார், காது வைத்துக் கேட்டார். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதார். நிர்வாகி அம்மா என்ன செய்வாரோ என்ற பயம்கூட மறந்துபோனது. ஒரு வேளை தீனிகூடத் தின்னாமல் போய்ச் சேர்ந்துவிட்டதே என்றுதான் அவருக்கு ஆறவில்லை. திருவேங்கடம் ஒரு ரோஜா மாலை வாங்கிவந்து திரைக்குப் போட்டு ஊதுபத்தி ஏற்றினான்.

அந்த நேரம் பசியோடு நெருப்புக்கோழி அறைக்குள் நுழைந்தது. நேராகப் போய்த் திரையின் முன் தலையைத் தாழ்த்தி, மாலையிலிருந்த ரோஜாக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தது.

மூவரும் எழுந்து நின்றார்கள்.

"அதே சாயல்," என்றாள் ரெஜினா.

"கூடப்பொறந்தவரா இருக்கும். தகவல் தெரிஞ்சு துக்கம் விசாரிக்க வந்திருக்கார்," என்றான் திருவேங்கடம்.

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் நாற்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க. மத்தியானம் வரைக்கும் நல்லாத்தாங்க இருந்தாரு. கரண்ட் போச்சு, அவ்வளவுதான். கடைசி நேரத்துல ஒரு கஷ்டமும் படலைங்க."