படையலில் வைத்த கார்டு

ஓயாமல் விமானத்தில் பறந்த மனுஷன் செத்துப் பதினாறாம் நாள். அவருடைய பயண கிரெடிட் கார்டுக்கு நாளைக்குள் வருஷக் கட்டணம் பத்தாயிரம் கட்டணுமாம்.

"ஊரைத் தாண்டாதவ நான். ரத்து பண்ணிடுங்க தம்பி," என்று அழுதார் மனைவி கோமதி.

"ஏர்போர்ட் லவுஞ்ச் இலவசம்மா! விடவே கூடாது. ரத்துன்னா சாரே நேரில் சொல்லணும்," என்றார் வீட்டுக்கே வந்திருந்த வங்கி அதிகாரி திலீபன் மிடுக்காக.

வேலைக்காரி பேச்சி கார்டைப் படையல் இலையில் வைத்தாள். "இப்பக் கதவைச் சாத்துவோம், ஐயா சாப்பிட வருவாக. உள்ளே இருந்து கேட்டுக்கிடுங்க சார்."

அவரைப் படையல் அறைக்குள் விட்டுச் சாத்தினாள்.

"ஐயோ, திறங்க!" கதவைப் பிடித்தபடியே அலறிய அதிகாரி, வெளியே வந்து கோமதி நீட்டிய ரத்துக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்.

சிரித்துக்கொண்டே இலையெடுக்கப் போன பேச்சி கைகூப்பி நின்றாள். சோறு வைத்தபடி இருந்தது; கார்டு மட்டும் இரண்டாக ஒடிந்து கிடந்தது.

"அலைஞ்சது போதும்யா. நல்லபடியாப் போய்ச் சேருங்க."