ஒழுகாத இடத்துக்கு ஓடு எதற்கு

சாமி புத்தியைப் பங்கு வைத்த அன்று ஊசிக்குளம் அண்ணன் தம்பி நாலு பேரும் நேரத்தோடு போய் வரிசையில் நின்றவர்கள்தான். ஆனால் பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவசரமாகப் போக வேண்டும் என்றார்கள். நாலு பேரும் வழி விட்டு வழி விட்டு, கடைசியில் சட்டி காலியானதும், "எல்லாருக்கும் கெடச்சிட்டு சாமி" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் தெருக்காரர்கள் என்பதால் அவர்களைப் பற்றி நான் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மூத்தவர் ஆவுடையப்பன். அடுத்து சொள்ளமுத்து, அப்புறம் கொம்பையா, கடைக்குட்டி நயினார். நாலு பேருக்கும் செங்கல் சூளையில் வேலை. மழைக்காலம் நெருங்கினால் சுடாத பச்சைக் கல் காயாது என்று ஆவணியோடு சூளையை மூடிவிடுவார்கள். திரும்பத் தையில்தான் திறப்பார்கள். நடுவில் கையில் காசு நடமாட்டம் இருக்காது. மற்ற வீடுகளில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அந்த நாலு மாசத்தை ஓட்டுவார்கள். இவர்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை.

ஏனென்றால் ஆளுக்கு ஒரு சுகம் இருந்தது. ஆவுடையப்பனுக்கு ஒரு நாளைக்கு நாலு காப்பி வேண்டும், அதுவும் கடைக்காப்பி. சொள்ளமுத்துவுக்கு வெற்றிலை, அதிலும் கொழுந்துதான். கொம்பையாவுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், ஒரு அண்டா வெந்நீரோடு. நயினாருக்குத் தினமும் ஒரு மாலைப் பேப்பர். நயினாருக்குப் படிக்கத் தெரியாது. பேப்பரை முகத்தில் மூடிக்கொண்டு தூங்குவார். பழைய பேப்பரை மூடினால் போதாதா என்று நானே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். நேற்றைய பேப்பரை மூடினால் நேற்றைய தூக்கம்தான் வரும் என்றார்.

அந்த வருஷம் ஆவுடையப்பன் பெண்சாதி கோமதி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். ஆண் குழந்தை. ஐப்பசியில் கூட்டி வருவதாகப் பேச்சு. அந்த வீட்டில் தொட்டில் கட்டுகிற உத்திரம் வடகிழக்கு மூலையில் இருந்தது. நாலு பேரும் அதில் ஆடி வளர்ந்தவர்கள்தான். போன வருஷம் பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து ஒரு குலை விழுந்து, சரியாக அந்த மூலையில் ஓடு நொறுங்கிப் போயிருந்தது. கோமதி தன் புருஷனைக் கூப்பிட்டு விட்டுத் தெளிவாகச் சொன்னாள்.

"தொட்டில் கட்டுத எடத்துல ஒரு சொட்டுத் தண்ணி விழக்கூடாது. விழுந்துச்சுன்னா பிள்ளையத் தூக்கிட்டு வந்த வழியே எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். தை வந்தாலும் வரமாட்டேன், மாசி வந்தாலும் வரமாட்டேன்."

ஆவுடையப்பன் அதுவரை பிள்ளையை இரண்டு தடவைதான் பார்த்திருந்தார். இரண்டாம் தடவை அது அவர் மீசையைப் பிடித்து இழுத்துவிட்டுச் சிரித்தது. அன்றிலிருந்து மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊருக்கு வந்ததும் ஞானமுத்துக் கொத்தனாரைக் கூட்டி வந்து கூரையைக் காட்டினார். கொத்தனார் பார்த்துவிட்டு நாற்பது ஓடு வேண்டும் என்றார். சூளை மூடிக் கிடக்கிறதே, பணத்துக்கு எங்கே போவது என்று இவர்கள் கேட்க, அவர் கிளம்புகிற அவசரத்தில் சொன்ன வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

"ஆளுக்கு ஒரு சொகத்த விடுங்கலே. தன்னால ஓடு வந்துரும்."

அன்றைக்கே நாலு பேரும் கூடி உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு சுகம் என்றுதான் கொத்தனார் சொன்னாரே தவிர, யார் எதை விட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆவுடையப்பன் மூத்தவர் என்கிற முறையில் முதலில் எழுந்து, இனி ஆயுசுக்கும் வெற்றிலை போடுவதில்லை என்றார். அவர் அதுவரையும் போட்டதில்லை. சொள்ளமுத்து எண்ணெய்க் குளியலை விட்டார். கொம்பையா பேப்பரை விட்டார். நயினார், காப்பி இனி என் தொண்டையில் இறங்காது என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். அண்ணன் தம்பிகளின் தியாகத்தைப் பார்த்து ஆளுக்கு ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தத் துக்கத்துக்கு ஒரு தூக்குப்போணி காப்பி வாங்கி வர வேண்டியதாயிற்று.

ஒரு வாரம் கழித்துக் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். ஓடு தன்னால் வந்திருக்கவில்லை.

"கொத்தனார் சொன்னதுல எங்கயோ கோளாறு" என்றார் சொள்ளமுத்து.

"அவர் சொன்னது சரிதான். நாமதான் சரியா விடல" என்றார் நயினார். கடைக்குட்டியானாலும் தினமும் பேப்பருக்குக் கீழே தூங்குகிறவர் என்பதால் அவர் பேச்சுக்கு வீட்டில் மதிப்பு உண்டு. "கையில இருக்குத கல்லத்தான் கீழ விட முடியும். வெறுங்கைய விரிச்சா என்ன விழும்? பெரியண்ணனுக்கு வெத்தல மேல ஆசையே கெடையாது. ஆசை இல்லாதத எப்படி விட முடியும்?"

மூன்று பேருக்கும் இது நெஞ்சில் தைத்தது. முதலில் ஆசை வைக்க வேண்டும், நன்றாகப் பழக வேண்டும், அது இல்லாவிட்டால் உயிர் போய்விடும் என்கிற நிலைமைக்கு வர வேண்டும். அதற்குப் பிறகு விட்டால்தான் அது விட்டது. குழந்தைக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று மறுநாள் காலையிலேயே பழக ஆரம்பித்தார்கள்.

ஆவுடையப்பன் வெற்றிலை போட்டுச் சுண்ணாம்பில் நாக்கு வெந்து இரண்டு நாள் கஞ்சி குடித்தார். ஆனாலும் விடவில்லை. சொள்ளமுத்து எண்ணெய்க் குளியலில் சளி பிடித்துத் தெருவே அதிரத் தும்மினார். சனிக்கிழமை மட்டும் குளித்தால் பழக நாளாகும் என்று அவர் தினமும் குளித்தார். ஒரு வண்டி விறகு எரிந்தது. கொம்பையா பேப்பரை மூடிப் படுத்துப் பழகினார். நயினார்தான் பாவம். காப்பி குடித்ததில் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு பேப்பர் போதாமல் இரண்டு பேப்பர் மூடிப் பார்த்தார். மூன்றாவது வாரம் நாலு பேப்பருக்குக் கீழே கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தார்.

இருபத்தோராம் நாள் எல்லாருக்கும் பழக்கம் முற்றிவிட்டது. இனி விடலாம் என்று கூடினார்கள். பார்த்தால், ஒருத்தருக்கும் விட மனசு வரவில்லை. வராது அல்லவா, அதற்குத்தானே அத்தனை பாடுபட்டார்கள். முன்பு ஆளுக்கு ஒரு சுகம் இருந்த வீட்டில் இப்போது ஆளுக்கு இரண்டு. அரிசிப் பானை அடி தெரிந்தது. ஐப்பசி பிறக்க ஆறே நாள். ஆவுடையப்பன் மூலையில் உத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை நான் பார்க்கவே போவதில்லை என்று அழுதார். வாய் நிறைய வெற்றிலை இருந்ததால் அழுகை சிவப்பாக வந்தது.

தம்பிகளுக்குப் பொறுக்கவில்லை. மூன்று பேரும் ஓட்டமாக ஓடிக் கொத்தனாரைப் பிடித்தார்கள். அவர் சாரத்தின் உச்சியில் நின்று பூசிக்கொண்டிருந்தார். கீழே நின்று இவர்கள் முறையிட்டதில் பாதிதான் அவருக்குக் கேட்டிருக்கும்.

"வீட்டுல தேவையில்லாம எது கெடக்குன்னு பாருங்கலே. அத வித்துட்டு ஓடு வாங்குங்க" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்து தேவையில்லாதது எது என்று தேடினார்கள். பாய் தேவை. அண்டா எண்ணெய்க் குளியலுக்குத் தேவை. தூக்குப்போணி போனால் காப்பி எதில் வரும்? தேடித் தேடி அலுத்து நயினார் தரையில் மல்லாந்து படுத்தார். படுத்தவர் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே" என்றார் கடைசியில். "போன மழையில இந்த மூலையில அண்டா வச்சமே, என்ன ஆச்சு?"

"நெறஞ்சு வழிஞ்சிச்சு" என்றார் கொம்பையா.

"நடு வீட்டுல ஒரு கொடம் இருந்துச்சே, அதுல?"

"அதுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. அதுக்கு முந்தின வருசமும் இல்ல. தாத்தா காலத்துலருந்தே நடு வீட்டுல மழை கெடையாது."

"மழை பெய்யுதது மூலையில. நடு வீட்டுல மழையே வாரதில்ல. அப்ப மழை வராத எடத்துல எதுக்கு இத்தன ஓட்ட அடுக்கி வச்சிருக்கோம்?"

ஆவுடையப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து தம்பியைக் கட்டிக்கொண்டார். தலைமுறை தலைமுறையாக ஆயிரத்துச் சொச்சம் ஓடு தலைக்கு மேலே சும்மா கிடந்திருக்கிறது, ஒருத்தர் கண்ணிலும் படவில்லையே என்று சொள்ளமுத்து முன்னோர்களை நினைத்து வருத்தப்பட்டார்.

மறுநாளே ஏணி வைத்து அத்தனை ஓட்டையும் இறக்கி விற்றுவிட்டார்கள். அதை வாங்கியவன் யார் என்று நீங்கள் கேட்காமல் இருந்தால் நல்லது. கேட்டாலும் மறைக்கப் போவதில்லை, என் மாட்டுத் தொழுவத்துக்கு அந்த வருஷம் ஓடு தேவைப்பட்டது. எதுக்கு விக்கிறீங்க என்று நான் கேட்கத்தான் செய்தேன். கூரையைச் சரி பண்ண என்றார்கள். அதற்கு மேல் கேட்டால் புத்தி சொல்ல வேண்டி வரும், விலையும் கூடிவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. மாடு நனையாமல் இருக்கிறது.

அந்தப் பணத்தில் நாற்பது புது ஓடு வாங்கி மூலையில் பதித்தார்கள். நயமான வேலை. மீதிப் பணம் காப்பிக்கும் கொழுந்து வெற்றிலைக்கும் விறகுக்கும் பேப்பருக்கும் தாராளமாகக் காணும். ஒரு சுகத்தையும் விடாமல் கூரையைச் சரி பண்ணிய வீடு இந்த ஜில்லாவிலேயே தங்கள் வீடுதான் என்று நாலு பேரும் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

ஐப்பசி மூன்றாம் தேதி கோமதி வந்தாள். மழையும் அன்றைக்கேதான் வந்தது. ஆட்டோவிலிருந்து பிள்ளையை மாராப்பில் பொத்திக்கொண்டு இறங்கி, குடையோடு வாசல்படி ஏறினாள். உள்ளே போய்க் குடையை மடக்கினாள். மடக்கியவள் உடனே திரும்ப விரித்துக்கொண்டாள்.

ஆவுடையப்பன் முன்னால் நடந்து மூலையைக் காட்டினார். மேடான அந்தத் தரை காய்ந்து கிடந்தது. தொட்டில் கட்டித் தயாராக இருந்தது. அவள் கையை நீட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். அப்புறம்தான் மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். வீடு முழுக்க வெறும் கைமரங்களுக்கு நடுவே வானம் தெரிந்தது. நடு வீட்டில் தண்ணீர் கரண்டைக்கால் அளவுக்கு நின்றது. கொம்பையாவின் அண்டா மிதந்து போய்க் கதவில் முட்டிக்கொண்டிருந்தது.

"ஆளுக்கு ஒரு சொகத்த விடச் சொன்னாராமே கொத்தனார். எத விட்டீங்க?" என்று கேட்டாள்.

நாலு பேரும் ஒன்றாக அண்ணாந்து பார்த்தார்கள்.

"நாங்க செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல மதினி" என்றார் நயினார், கண்ணில் விழுந்த மழையைத் துடைத்துக்கொண்டு. "மூலையில பெஞ்சிட்டிருந்த மழைய நாம அடைச்சிட்டோம். அது எங்கதான் போகும்? எடம் தெரியாம வீடு பூரா அலையுது. அந்த நாப்பது ஓட்டையும் எடுத்துட்டா பழையபடி மூலைக்கே போயிரும்."

சொல்லிவிட்டு அவர் ஏணி எடுக்கப் போக, ஏணியில் யாராவது கை வைத்தால் இந்த நிமிஷமே ஊருக்குப் போய்விடுவேன் என்றாள் கோமதி. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை தொட்டிலுக்கு வெளியே கையை நீட்டி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஆவுடையப்பன் மீசையைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. ஆவுடையப்பனும் சிரித்தார். கோமதிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் காய்ந்த தரையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

மதினி களைத்து வந்திருக்கிறாள் என்று சொள்ளமுத்து ஓடிப் போய்த் தூக்குப்போணியில் காப்பி வாங்கி வந்தார். கோமதிக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, மூலையில் இடம் போதாததால் நாலு பேரும் நடு வீட்டில் நின்று குடித்தார்கள். குடித்தார்கள், குடித்தார்கள், குடித்துக்கொண்டே இருந்தார்கள். கால் மணி நேரம் கழித்து ஆவுடையப்பன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். விளிம்பு வரைக்கும் இருந்தது. தம்பிகளுடையதும் அப்படியே. மழை இருக்கிற மட்டும் இனி காப்பிச் செலவே இல்லை என்று அவர்களுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது.

கோமதியின் டம்ளர் மட்டும் காலியாகத் தரையில் இருந்தது. கொம்பையாவுக்கு அதைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"மதினி" என்றார், "இங்க வந்து நின்னு குடிங்க. அங்கன உக்காந்து குடிச்சா தீந்து போயிரும்."