விசிறிக்கு இரண்டு மணி நேரம்

கத்திரி வெயில் இந்த வருஷம் பத்து நாள் முன்னாலேயே வந்து, பாறைமலை மடத்து வாசலில் சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

மடத்துக்கும் எதிரே இருந்த பதினொரு வீடுகளுக்கும் மடத்துக் கூரையின் சோலார் பலகைகள்தான் மின்சாரம் தந்தன. பகலெல்லாம் எல்லா விசிறியும் ஓடினால் ராத்திரிக்குப் பேட்டரியில் ஒன்றும் மிஞ்சாது. யாருக்கு எவ்வளவு என்று விதி எழுதச் சொல்லிச் சீடர் தணிகாசலத்திடம் விட்டிருந்தார் மடத்துக் குரு நாச்சியாரம்மா.

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு அறுபத்திரண்டு. மின்கட்டணம் நிர்ணயிக்கும் அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு பார்த்தவர். தும்மினால்கூட 'மேற்படி தும்மல்' என்பார்.

மடத்தின் குளுகுளு கல்மண்டபத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து ஒன்பது பக்கம் எழுதினார்.

"வீட்டுக்கு ஒரு விசிறி. பகல் பதினொன்றிலிருந்து ஒன்று வரை. மண்டபத்துக்கும் அதேதான். எல்லாரும் சமம், அம்மா. இதில் ஏதும் குறை உண்டா?"

"தெருவைக் கேட்போம். அவர்கள் ஒப்புக்கொண்டால் இன்றைக்கே அமல். கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்வீட்டுப் பொன்னுருவி வீட்டில், பன்னிரண்டரைக்கு."

பொன்னுருவி வீட்டுக்குத் தகரக் கூரை. தூளியில் மூன்று மாதக் குழந்தை. மேலே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தெருவே உள்ளே நெருக்கி உட்கார்ந்ததும், தணிகாசலம் தொண்டையைச் செருமினார்.

"பிரிவு ஒன்று. உட்பிரிவு அ. மேற்படி விசிறியானது..."

மூன்றாம் பக்கத்தில் மணி ஒன்றானது. அம்மா எழுந்து விசிறியை நிறுத்தினார்.

"அம்மா?"

"உங்கள் விதிதானே. ஒத்திகை பார்க்க வேண்டாமா? படியுங்கள்."

படித்தார். நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து, கொஞ்சம் யோசித்து, உட்பிரிவு இ-யின் மேல் சொட்டியது. குழந்தை சிணுங்க ஆரம்பித்தது.

"உட்பிரிவு ஈ, உ, ஊ... இதெல்லாம் தெரிந்ததுதான். பக்கம் ஒன்பது."

"நடுவுல அஞ்சு பக்கம் வுட்டுப்போச்சே சாமி," என்றார் கொத்தனார் மன்னார். "நிதானமா படிங்க. நாங்க எங்க போவப்போறோம்?"

தெரு சிரித்தது.

பொன்னுருவி தூளியை ஆட்டியபடியே கேட்டாள். "ஊரு உலகத்துக்கே சூட்டைக் கூட்டுனது இந்த ஒத்த விசிறியா சாமி? மண்டபத்துல நீங்க மதியானம் போத்திக்கினு தூங்குறீங்க. இங்க புள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு."

தணிகாசலம் முதல் பக்கத்தை உருவிக் குழந்தைக்கு விசிறினார். சிணுங்கல் நின்றது. மன்னார் இரண்டாம் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒன்பது பக்கமும் ஒன்பது கைகளில் வீசிக்கொண்டிருந்தன.

"நல்ல கெட்டி விதி சாமி, காத்து வருது," என்றது மூலையில் ஒரு குரல்.

தணிகாசலத்துக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"அம்மா, மண்டபத்து இரண்டு மணி நேரத்தை இந்த வீட்டுக்கு மாற்றிவிடலாம். மற்றத் தகரக் கூரைகளையும் பார்க்க வேண்டும். மண்டபத்துக்குப் போய் முதலிலிருந்து எழுதுகிறேன். ஒரு மாதம் கொடுங்கள்."

"மண்டபம் எதற்கு? இங்கேயே உட்கார்ந்து எழுதுங்கள்," என்றார் அம்மா. "அவசரமே இல்லை."