கண்ணுக்கு இதமான வரைபடம்

"டீச்சர், இந்த அஞ்சு சைட்ல எதுதான் நல்லது?" என்று கேட்டார் இருதயராஜ்.

மெய்யம்மை கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எதுக்கு நல்லது?"

"சார்ட் பாக்கத்தான். பங்கு ஏறுதா இறங்குதான்னு கோடு போட்டுக் காட்டுதுல்ல, அது. அஞ்சுமே இலவசம்."

இது ஒரு குரு-சீடர் கதை. குரு என்றதும் தாடியையும் தண்டத்தையும் தேட வேண்டாம். மெய்யம்மைக்கு வயது முப்பத்தாறு. திண்டுக்கல்லில் ஓர் அச்சகத்துக்கு மேல் மாடியில், ஞாயிறுதோறும் பங்குச் சந்தை வகுப்பு நடத்துகிறார். சோடாபுட்டிக் கண்ணாடி. அதிகம் பேச மாட்டார். அவர் வகுப்பில் பெரும்பாலும் மற்றவர்கள்தான் பேசுவார்கள். பேசிக் களைத்த பிறகு ஒரு வரி சொல்வார். அது பிடிக்காமல் நின்றுபோனவர்கள் நிறைய.

சீடர் இருதயராஜுக்கு ஐம்பத்திரண்டு. கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். டீச்சர் போட்டிருந்த கண்ணாடியும் அவர் கடையில் செய்ததுதான்.

மற்றவர்கள் கீழே இறங்கிப் போய்விட்டார்கள். இருதயராஜ் பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முதல் சைட்ல சேரணும்னா போன் நம்பர் கேக்குறாங்க. குடுத்தா அன்னைக்கே எவனோ கூப்பிட்டு லோன் வேணுமாங்கிறான். அதோட, படத்துக்கு நடுவுல குக்கர் விளம்பரம் வந்து உக்காந்துக்கிது. விலை விழுந்த இடத்துல சரியா குக்கர்."

"அப்புறம்?"

"கறுப்பா ஒண்ணு இருக்கு. அதுல இல்லாத வசதி இல்ல. ஆனா மூணு கோட்டுக்கு மேல போட்டா காசு கட்டுங்கிது. விலையெல்லாம் மெழுகுவத்தி மாதிரி, பச்சையும் செவப்புமா கேண்டில் கேண்டிலா நிக்கும். இப்ப எல்லாம் செவப்புதான். பாத்தாலே பகீர்ங்கிது."

"ம்."

"இன்னொண்ணுல விலை கால் மணி நேரம் லேட்டா வருது. போன்ல மட்டும் பாக்குற மாதிரி ஒண்ணு, அது பாதியில தூங்கிப்போகுது. அஞ்சாவதுதான் டீச்சர் அருமை. நீலக் கலர்ல ஒரே கோடு. விளம்பரம் இல்ல, தொந்தரவு இல்ல. கண்ணுக்கு அவ்வளவு இதமா இருக்கு."

"அப்ப அதுதானே நல்லது. எங்கிட்ட ஏன் கேக்குறீங்க?"

இருதயராஜ் போனைப் பையில் போட்டு, மறுபடி வெளியே எடுத்தார்.

மூன்று மாதமாக அவர் இதைத்தான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்பின் வாட்ஸப் குழுவில் கேட்டார். கண்ணாடி மாற்ற வந்த பேங்க் மேனேஜரிடம் கேட்டார். ஆளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். யாராவது புதிதாக ஒன்றைச் சொன்னால் அன்றைக்கு அவருக்கு நிம்மதியாக இருக்கும். அதை இறக்கி, பழகி, மற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? ஒப்பிட்டு முடிகிற வரைக்கும் வேறு எந்த வேலையும் செய்ய வேண்டியதில்லை.

அந்த வேறு வேலை என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இருதயராஜின் மனைவி செலின் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன். வத்தலக்குண்டில் அவள் அம்மாவின் இடத்தை விற்றபோது செலினுக்கும் ஒரு பாகம் வந்தது. அவள் பெயருக்கென்று வந்த ஒரே பணம். "எனக்கு இதெல்லாம் தெரியாது, நீங்களே பாத்துப் போடுங்க" என்று கொடுத்துவிட்டாள். அவர் பார்த்துப் போட்டார். எல்லாவற்றையும் ஒரே கம்பெனியின் பங்கில் போட்டார். அது இறங்கி இறங்கி இப்போது பாதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

செலினுக்குத் தெரியாது.

விற்பதென்றால் அவளிடம் சொல்ல வேண்டும். வைத்துக்கொள்வதென்றாலும் சொல்ல வேண்டும். அதனால் மனிதர் எந்தத் தளம் நல்லது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கறுப்பையும் நீலத்தையும் காட்டுங்க" என்றார் மெய்யம்மை.

இருதயராஜ் தன் போனில் கறுப்பைத் திறந்தார். டீச்சரின் லேப்டாப்பில் தன் கணக்கு வழியாக நீலத்தைத் திறந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே கம்பெனிதானே?"

"ஒரே கம்பெனிதான்."

"கறுப்புல மலை சரிஞ்ச மாதிரி இருக்கு. நீலத்துல வரப்பு மாதிரி இருக்கே."

"அந்த சைட் அப்படி டீச்சர். இதமா இருக்கும்."

மெய்யம்மை லேப்டாப்பின் மேல் குனிந்தார். "பத்து வருஷத்துக்கு விரிச்சு வெச்சிருக்கீங்க. போன ஆறு மாசம் அந்த ஓரத்துல, நகக்கண் அளவுக்குத்தான் தெரியுது."

"அது தானாவே அப்படித்தான் தொறக்குது."

"இந்தப் பொத்தான்? உயரத்தை அமுக்கிக் காட்டுறது. இதுவும் தானா அமுங்கிக்கிச்சா?"

இருதயராஜ் ஜன்னலைப் பார்த்தார். கீழே அச்சகத்தில் யாரோ காகிதக் கட்டைத் தூக்கிப் போடும் சத்தம் கேட்டது.

"அதை நான்தான் தேடிப் பிடிச்சேன்" என்றார் மெல்ல.

மெய்யம்மை நிமிர்ந்தார். தன் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு எத்தனை பவர்ணே?"

"மைனஸ் ஆறு."

இருதயராஜின் போனை எடுத்து, கையை நீட்டிப் பிடித்து, அந்தக் கறுப்புப் படத்தைப் பார்த்தார். கண்ணைச் சுருக்காமல், நிதானமாக, கோயிலில் சாமி பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ரொம்ப இதமா இருக்குண்ணே. ஒரு கேண்டில்கூடத் தெரியல. எங்கயும் விழல."

இருதயராஜ் கையை நீட்டிப் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"ஆறாவதா ஒரு சைட் சொல்றேன், குறிச்சுக்கங்க" என்று கழற்றிய கண்ணாடியை ஆட்டிக் காட்டினார். "இதுவும் இலவசம்தான்."

இருதயராஜுக்குக் காது மடல் சுட்டது. வயதுக்கு மரியாதை இல்லையா என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். போகவில்லை.

மெய்யம்மை கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

"யாரு பணம்ணே இது?"

"வீட்டுல... செலின் பணம்."

"அவங்க இந்தப் படத்தைப் பாத்தாங்களா?"

"அவளுக்கு இதெல்லாம் புரியாது டீச்சர்."

"அப்ப நல்லதாப் போச்சு. அஞ்சையும் அவங்ககிட்டக் காட்டுங்க. எது அவங்களுக்கு ஒரே பார்வையில புரியுதோ, அதான் நல்ல சைட். வந்து சொல்லுங்க. அடுத்த வாரத்துல இருந்து வகுப்புல எல்லாருமே அதையே வெச்சுக்குவோம்."

"டீச்சர்—"

"மாடிக்கதவைச் சாத்தணும்ணே" என்றார் மெய்யம்மை.

வழியெல்லாம் இருதயராஜ் அவரை மனசுக்குள் வாங்கு வாங்கென்று வாங்கினார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதில் குடும்பத்தில் சண்டை மூட்டி விடுகிறாள். இவளெல்லாம் ஒரு டீச்சர். மாதாமாதம் இவளுக்குக் கட்டுகிற பணத்தில் அந்தக் கறுப்புத் தளத்துக்கே காசு கட்டியிருக்கலாம்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு நின்றபோது கோபமும் நின்றுபோனது. பயம் மட்டும் மிச்சமிருந்தது.

வீட்டில் செலின் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் வெண்டைக்காய்தான்.

இருதயராஜ் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தார். முதலில் நீலத்தைக் காட்டலாம் என்று யோசனை. இதமாகத் தொடங்கி, மெல்ல மெல்ல ஒவ்வொன்றாகக் காட்டி, கடைசியில் கறுப்புக்கு வரலாம். நீலத்தைத் திறந்தார். பத்து வருஷக் கோடு சாதுவாகப் படுத்திருந்தது.

அதைப் பார்க்க அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. மூடினார். கறுப்பைத் திறந்தார்.

"செலின், இங்க வா. உங்கிட்ட ஒண்ணு காட்டணும்."

செலின் குழம்புக் கரண்டியோடு வந்து அப்படியே நின்றாள். முகம் வெளுத்துவிட்டது.

"சொல்லிடுங்க" என்றாள்.

"நீ முதல்ல உக்காரு."

"பரவாயில்ல. சொல்லிடுங்க. எத்தனை அடைப்பு?"

"என்ன அடைப்பு?"

"மறைக்காதீங்க. நான் பாத்துட்டேன்." கரண்டியால் போனைக் காட்டினாள். "அன்னைக்கு நான் காப்பி கொண்டாந்தப்ப உங்க போன்ல பாத்தேன். நீலமா கோடு, ஏறி எறங்கி ஏறி எறங்கி. என்னையப் பாத்ததும் கவுத்து வெச்சீங்க. அது ஈசிஜிதானே? மாமாவுக்கும் இதே மாதிரிதான எடுத்தாங்க?"

இருதயராஜின் அப்பா அதே கண்ணாடிக் கடையில், வந்தவருக்கு ஃப்ரேம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்ததோடு சரி, பிறகு எழுந்திருக்கவில்லை.

"சாப்பிட மாட்டேங்கிறீங்க. ராத்திரி புரண்டு புரண்டு படுக்குறீங்க. பாத்ரூமுக்குக்கூட போனை எடுத்துட்டுப் போறீங்க. எனக்குத் தெரியாதா?"

"செலின், அது ஈசிஜி இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"அது சேர் மார்க்கெட். உங்கம்மா இடம் வித்த பணத்தைப் போட்டோம்ல, அந்தக் கம்பெனியோட விலை." ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது அவருக்கு. "விழுந்துருச்சு. பாதிக்குப் பக்கம் போயிருச்சு. மூணு மாசமா உங்கிட்ட மறைச்சேன். நீலக் கோட்டைப் பாக்காத, அது நான் அமுக்கி வெச்சது. இதைப் பாரு. இதுல எதையும் அமுக்கல."

செலின் போனை வாங்கிப் பார்த்தாள். கறுப்பின்மேல் சிவப்பு சிவப்பாக இறங்கிக்கொண்டே போனது படம்.

"இவ்வளவு இருந்துச்சு" என்று மேலே விரலை வைத்தாள். கீழே கொண்டுவந்தாள். "இவ்வளவாயிருச்சு. அதானே?"

"அதான்."

"இது உங்க நெஞ்சு இல்லியே?"

"இல்ல."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

செலின் கரண்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். இருதயராஜ் பதறிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் இடையிடையே சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

அவருக்கும் கண் நிறைந்தது. மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிருந்தது. மூச்சு அடிவயிறு வரை போய்வந்தது.

"இவ்வளவு நாளா பயந்துக்கிட்டு இருந்தியே, எங்கிட்டக் கேட்டுருக்கலாம்ல?"

"கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா?"



செலின் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உப்பைப் பாதியாக் கொறச்சேன். கறி எடுக்குறதை விட்டேன். முட்டையில மஞ்சக்கருவை எடுத்துட்டுக் குடுத்தேன். ஒரு வார்த்தை ஏன்னு கேட்டீங்களா?"

"கவலையில நாக்குதான் செத்துப்போச்சுன்னு நெனச்சேன்."

செலின் மறுபடி சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் போனை ஒருமுறை பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"பணத்துக்கு உங்களைத் திட்டணும். நல்லாத் திட்டணும். அதுக்கு இன்னும் தெம்பு வரல, இருங்க."

"சரி."

"விக்கிறதா வெச்சுக்கிறதான்னு ரெண்டு பேருமா உக்காந்து பாப்போம். நீங்க தனியா ஒண்ணும் கிழிக்க வேணாம்."

"சரி."

இருதயராஜுக்குப் பசித்தது. உள்ளே போய் உப்பு ஜாடியை எடுத்து வந்து, இலையில் ஒரு கை அள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

செலின் எழுந்து தன் போனைத் தேடினாள்.

"யாருக்கு?"

"மதுரையில ஹார்ட் டாக்டர்கிட்ட செவ்வாக்கெழமைக்கு டோக்கன் போட்டு வெச்சிருக்கேன். துணி எடுக்கப் போவோம்னு சொல்லி உங்களைக் கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன். கேன்சல் பண்ணிடுறேன்."

மணி அடித்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் எடுத்தாள். செலின் பெயரைச் சொன்னாள், டோக்கனைச் சொன்னாள், வேண்டாம் என்றாள். அந்தப் பெண் விடவில்லை. நெஞ்சு விஷயமாச்சே, ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டாள் போலிருக்கிறது.

"இல்லைங்க, அவருக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் செலின். "பணம்தான் போயிருக்கு."