தூங்கா விரதம்

“அம்மா, சுவர் என்னைப் பேர் சொல்லித் திட்டுது. அதை அடக்க ஒரு மந்திரம் கொடுங்க.”

மடத்துத் தலைவி ஞானாம்பாள் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

குருவுக்கு வயது நாற்பது. மந்திரம் கேட்ட சீடர் சிவக்கொழுந்துக்கு ஐம்பத்திரண்டு. பிடித்த பிடியை விடாத மனிதர்.

ஐப்பசி முதல் தேதியன்று, தை பிறக்கும்வரை இரவில் கண்மூடுவதில்லை என்று தாமாகவே விரதம் எடுத்தார். தூக்கத்தை ஜெயித்துவிட்டால் மற்றதெல்லாம் தூசு என்பது அவர் கணக்கு. குடிசை வாசலில் கம்பம் நட்டு, திருவிழாவுக்குப் போடுகிற மாதிரி ஒரு பெரிய பல்பை மாட்டினார். அதன் கீழே விடிய விடிய ஜபம். பகலில் கிடைத்த இடத்தில் கண்ணயர்வார். சாப்பாடு நினைத்த நேரத்துக்கு.

வேண்டாம் என்று அம்மா அப்போதே சொன்னார். சிவக்கொழுந்து கேட்டால்தானே.

முதல் மாதம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிர்ப்பட்டவருக்கெல்லாம் உபதேசம். அடுத்த மாதம் காரணமில்லாமல் அழுதார். இப்போது மார்கழி, சுவர் பேசுகிறது. அவருக்குப் பயமாக இருந்தது. அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அண்ணன் கடைசிவரை தம்பியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

“மந்திரம் அப்புறம்,” என்றார் அம்மா. “உங்க வாசலுக்கு எதிரே பயிர் சரியில்லை. என்ன குறைன்னு பாத்துச் சொல்லுங்க. நீங்க விவசாயிதானே.”

மடத்து வயல் முழுக்கச் சம்பா கதிர் வாங்கித் தலை சாய்ந்திருந்தது. குடிசைக்கு எதிரே மட்டும் பச்சைப் பசேலென்று வெறும் தாள். ஒரு கதிர்கூட இல்லை.

சிவக்கொழுந்துக்கு ரோஷம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு குத்தைப் பிடுங்கி வேரைப் பார்த்தார், அழுகல் இல்லை. தண்டைப் பிளந்தார்; பூச்சி இல்லை. எல்லாம் ஒரே விதை, ஒரே நாள் நடவு, ஒரே வாய்க்கால் தண்ணீர். மதியம்வரை அவர் விடவில்லை.

கடைசியில், பச்சை எதுவரை இருக்கிறது என்று அதன் ஓரமாகவே நடந்து பார்த்தார். குடிசையின் ஒரு பக்கத்தில் தொடங்கி, வளைந்து போய், மறுபக்கத்தில் வந்து முடிந்தது. சரியாகப் பாதி வட்டம். அதன் மையத்தில் அவர் நட்ட கம்பம். உச்சி வெயிலிலும் பல்பு எரிந்துகொண்டிருந்தது. காலையில் அணைக்க மறந்திருந்தார்.

வெளிச்சம் விழுந்த இடத்துக்கெல்லாம் இரவே வரவில்லை; இருட்டைக் காணாத சம்பா கதிர் விடவில்லை.

பிறகு சுவிட்சை அணைத்து, ஏணி வைத்து ஏறி, பல்பைக் கழற்றினார். கை சுட்டது, விடவில்லை. அதைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தார்.

“சுவர் என்ன திட்டினாலும் சரி, இன்னைக்கு இருட்டினதும் பாயை விரிச்சுடறேன். நாளைக்கும் அப்படித்தான். விரதம் போனா போகட்டும்.”

சொல்லிவிட்டு வயல் பக்கம் திரும்பினார்.

“இனிமே அது கதிர் விடுமா, அம்மா?”

அம்மா பயிரைப் பார்க்கவில்லை. சிவக்கொழுந்தின் முகத்தைப் பார்த்தார்.

“பிந்தும். ஆனா விடும்.”